வாஷிங்டன் என்பது யார் வீட்டுப் பெயர்?

கீழவாசல்:
ஞாயிறு கிரிக்கெட் மேட்சில் வாஷிங்டன் சுந்தர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஏழாவது படிக்கும் என் மகள் கேட்டாள்: "அப்பா, சுந்தருக்கு ஏன் வாஷிங்டன்னு பேரு?" இது எனக்குத் தெரியும். அவருடைய அப்பா திருவல்லிக்கேணியில் வறுமையில் வளர்ந்தபோது, பக்கத்தில் குடியிருந்த வாஷிங்டன் என்ற ஓய்வுபெற்ற ராணுவக்காரர்தான் சீருடை, புத்தகம், பள்ளிக் கட்டணம் எல்லாம் பார்த்துக்கொண்டார், சைக்கிளில் ஏற்றி மைதானத்துக்கும் கூட்டிப் போனார். அவர் 1999இல் காலமானார். அதே ஆண்டு பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார் அப்பா.

சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி. "அந்தத் தாத்தாவுக்கு அமெரிக்க ஜனாதிபதி பேரை வெச்சிருப்பாங்க. ஜனாதிபதிக்கு எங்கேர்ந்து வந்துச்சு?" அது அவங்க குடும்பப் பெயர்மா என்றேன். "அப்போ முதல்ல யாருக்கு வெச்சாங்க?" என்றாள். நான் டீ போடப் போய்விட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்க்கண்டேயன்:
இங்கிலாந்தில் பழைய பிரபுக் குடும்பம் சார். அவர்கள் குடும்பச் சின்னமான கேடயத்தில் நட்சத்திரமும் சிவப்புப் பட்டையும் இருக்கும், அமெரிக்கக் கொடியே அதிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் இன்று வாஷிங்டன் என்று பெயர் உள்ளவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர், ஏனென்றால் அவர்கள் முன்னோர் ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைகள். விஷயம் முடிந்தது.

நெடுங்கணக்கு:
மார்க்கண்டேயன் சார், மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள், மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம். வரிசையாக வருகிறேன்.

முதலில் அந்தப் பெயர் எந்தக் குடும்பத்தோடும் பிறக்கவில்லை. அது ஊர்ப் பெயர். வடகிழக்கு இங்கிலாந்தில் டர்ஹம் பகுதியில் வாஷிங்டன் என்று ஒரு கிராமம். பழைய ஆங்கிலத்தில் 'ஹ்வேசா' என்ற ஆளின் வழிவந்தவர்களுடைய பண்ணை என்று பொருள் சொல்கிறார்கள். நடுவில் வரும் 'இங்' என்பது வழிவந்தோர், கடைசி 'டன்' பண்ணை அல்லது ஊர்.

12ஆம் நூற்றாண்டில் வில்லியம் என்று ஒருவர் இருந்தார். ஹார்ட்பர்ன் என்ற ஊரில் நிலம் வைத்திருந்ததால் அவர் 'ஹார்ட்பர்ன் வில்லியம்'. அவர் அந்த நிலத்தை டர்ஹம் ஆயரிடம் (பிஷப்) கொடுத்துவிட்டு, பதிலுக்கு வாஷிங்டன் பண்ணையை வாங்கிக்கொண்டார். பரிவர்த்தனைப் பத்திரம் என்று நம் ரிஜிஸ்தர் ஆபீஸில் சொல்வோமே, அதேதான். நிலம் மாறியது, பெயரும் மாறியது. ஊரை அன்றைக்கு வெஸ்ஸிங்டன் என்று எழுதினார்கள், ஆள் 'வெஸ்ஸிங்டன் வில்லியம்' ஆகிவிட்டார்.

இது 1183இல் அந்த ஆயர் தன் நிலங்களையெல்லாம் கணக்கெடுத்து எழுதவைத்த 'போல்டன் புக்' என்ற ஏட்டில் இருக்கிறது. (1086இல் இங்கிலாந்து முழுக்க எடுத்த பெரிய நிலக் கணக்கில் டர்ஹம் சேரவில்லை. அங்கே ஆயர்தான் கிட்டத்தட்ட ராஜா.) ஹார்ட்பர்ன் வில்லியத்திடம் வெஸ்ஸிங்டன் இருக்கிறது, தேவாலயமும் அதன் நிலமும் நீங்கலாக, ஆண்டுக்கு 4 பவுண்டு கட்ட வேண்டும், ஆயரின் பெரிய வேட்டைக்கு 4 கிரேஹவுண்ட் நாய்களோடு வர வேண்டும். நம் சிப்பிப்பாறை மாதிரி ஒல்லியான ஓட்ட நாய்கள். அமெரிக்கத் தலைநகரின் பெயர் இப்படி ஒரு குத்தகைக் கணக்கில்தான் நமக்குத் தட்டுப்படுகிறது.

மதுரைக்காரன்:
அரியக்குடி, செம்மங்குடி என்று வித்வான்களைச் சொல்கிற மாதிரியா?

நெடுங்கணக்கு:
அதே. ஒரே வித்தியாசம், அரியக்குடியின் பேரப் பிள்ளைகள் எந்த ஊருக்குப் போனாலும் 'அரியக்குடி' என்றே கையெழுத்துப் போட வேண்டும் என்று நம்மிடம் கட்டாயம் இல்லை. இங்கிலாந்தில் அது நிலைத்துவிட்டது. நிலம் கைவிட்டுப் போன பிறகும் பெயர் மட்டும் கூடவே நடந்தது.

தேன்மொழி_சண்டர்லாந்து:
அட, என் ஊருக்கு வந்துவிட்டீர்களே! நான் சண்டர்லாந்தில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். வாஷிங்டன் இப்போது சண்டர்லாந்து மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. இங்குள்ள தமிழர்களிடம் வாஷிங்டன் என்றால் நிசான் கார் தொழிற்சாலை நினைவுக்கு வரும், ஜார்ஜ் வரமாட்டார்.

பழைய கிராமப் பகுதியில் 'ஓல்ட் ஹால்' என்று ஒரு கல் வீடு இருக்கிறது. ஊரிலிருந்து மாமியார், மாமனார் வந்திருந்தபோது அழைத்துப் போனேன். மாமனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுவா எண்ணூறு வருஷக் கட்டடம்?" என்றார். அவர் சந்தேகம் நியாயம்தான். இன்று நிற்கும் வீடு பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். குடும்பத்தின் நேர் வாரிசுகள் கையை விட்டுப் போய், 1613இல் டர்ஹம் ஆயருக்கே விற்கப்பட்ட பிறகு எடுத்துக் கட்டியது. பழைய வீட்டின் அடிப்பாகம் கொஞ்சம் உள்ளே மிச்சம் இருக்கிறது.

பின்னாளில் அது பல ஏழைக் குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்த வீடு. 1936இல் குடியிருக்க லாயக்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் பாடுபட்டுக் காப்பாற்றியதால் இப்போது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் இருக்கிறது. ஒவ்வொரு ஜூலை 4ஆம் தேதியும் அமெரிக்க சுதந்திர தினம் கொண்டாடுவார்கள். இங்கிலாந்தில்! 1977இல் ஜிம்மி கார்ட்டர் வந்து கிராமப் பசுந்திடலில் ஒரு மரம் நட்டுவிட்டுப் போனார்.

கீழவாசல்:
சகோதரி, நன்றி. நெடுங்கணக்கு சார், அங்கிருந்து அமெரிக்காவுக்கு எப்படிப் போனார்கள்? நேராகக் கப்பல் ஏறினார்களா?

நெடுங்கணக்கு:
நேராக எங்கே? நாலரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

குடும்பம் கிளை கிளையாகப் பிரிந்தது. ஒரு கிளை மேற்கே லங்காஷயரில் வார்ட்டன் என்ற ஊருக்குப் போனது. அங்கிருந்து லாரன்ஸ் என்பவர் தெற்கே நார்தாம்ப்டன் வந்தார். கம்பளி வியாபாரம். பணம் சேர்ந்தது, 1532இல் அந்த ஊர் மேயர். எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்து நிலங்களை ஏலம்போல விற்றுக்கொண்டிருந்த காலம். 1539இல் சல்கிரேவ் என்ற ஊரில் மடத்துக்குச் சொந்தமான பண்ணையை லாரன்ஸ் 324 பவுண்டு 14 ஷில்லிங் 10 பென்சுக்கு வாங்கி வீடு கட்டினார். சல்கிரேவ் மேனர் இன்றும் நிற்கிறது. வாசல் மண்டபத்துக்கு மேலே குடும்பக் கேடயம்.

மூன்றாம் தலைமுறைக்குள் கை இறங்கிவிட்டது. 1610இல் சொத்து வெளியே போயிற்று. கொள்ளுப்பேரன் இன்னொரு லாரன்ஸ், நிலத்தை நம்பாமல் படிப்பை நம்பினார். ஆக்ஸ்ஃபோர்டில் பிரேஸ்நோஸ் கல்லூரி, பிறகு எஸ்ஸெக்ஸில் பர்லே என்ற ஊரின் பாதிரியார். உள்நாட்டுப் போர் வந்தது. இவர் ராஜா பக்கம். 1643இல் பாராளுமன்றத்துக்காரர்கள் இவரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். சொன்ன காரணம், தினமும் சாராயக் கடையில் உட்கார்ந்து தானும் குடித்து மற்றவர்களையும் குடிக்கத் தூண்டுகிறார் என்பது. குடித்தாரோ இல்லையோ, ராஜா பக்கம் நின்ற பாதிரியாரைத் தூக்க அது வசதியான காரணம் என்பது என் எண்ணம். பிறகு வருமானமில்லாத ஒரு சின்னக் கோயில் கிடைத்தது. 1653இல் மால்டன் என்ற ஊரில் அடக்கம். இந்த ஊர்ப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அவர் மூத்த மகன் ஜான். அப்பா பெயர் கெட்டுப்போனது, சொத்தும் இல்லை. புகையிலை ஏற்றிவரும் 'சீ ஹார்ஸ்' என்ற கப்பலில் வேலைக்குச் சேர்ந்து வர்ஜீனியா போனார். 1657 தொடக்கத்தில் பொட்டோமாக் நதியில் சரக்கோடு திரும்பும்போது கப்பல் தரை தட்டி மூழ்கியது. அதைத் தூக்கி நிறுத்துவதற்குள் ஜான் அங்கேயே தங்கிவிட முடிவு செய்தார். கப்பல் சொந்தக்காரர் எட்வர்ட் பிரெஸ்காட்டோடு சம்பளத் தகராறு. உள்ளூர் நிலக்காரர் நத்தானியேல் போப் ஜாமீனாகப் பீவர் என்ற நீர்விலங்கின் தோல் தருகிறேன் என்று முன்வந்தார். ஜான் அந்த போப்பின் மகள் ஆனைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர்கள் மகன் லாரன்ஸ், பேரன் அகஸ்டின், கொள்ளுப்பேரன் 1732இல் பிறந்த ஜார்ஜ்.

புகுந்த_வீடு:
மாமனார் ஜாமீன் போட்டு மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறார்! எல்லா நாட்டிலும் இதே கதைதான் 😀

நெடுங்கணக்கு:
இன்னும் ஒன்று கேளுங்கள். அதே பிரெஸ்காட் பின்னர் இன்னொரு பயணத்தில், கப்பலில் ஒரு பெண்ணை சூனியக்காரி என்று சொல்லித் தூக்கில் போட விட்டார் என்று ஜான் 1659இல் மேரிலாந்தில் புகார் கொடுத்தார். விசாரணைத் தேதி வந்தது. ஜான் போகவில்லை. "மகனுக்கு ஞானஸ்நானம் வைத்திருக்கிறேன், உறவுக்காரர்களை அழைத்துவிட்டேன்" என்கிற ரீதியில் ஒரு கடிதம். சாட்சி வராததால் பிரெஸ்காட் விடுதலை. அந்தக் குழந்தைதான் ஜார்ஜின் தாத்தா லாரன்ஸ் என்று கருதுகிறார்கள். அந்தப் பெண் எலிசபெத் ரிச்சர்ட்சனுக்கு நியாயம் கிடைக்கவே இல்லை. வம்சாவளிப் புத்தகங்களில் ஞானஸ்நானம் மட்டும் இருக்கும்.

வேர்தேடி:
நான் வம்சாவளி தேடுவதில் பொழுதுபோக்காக மண்டை காய்பவன். வாஷிங்டன் வம்சாவளியில் நடந்த தப்பை இங்கே சொல்லியே ஆக வேண்டும், புதிதாகத் தேட வருபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஜார்ஜ் ஜனாதிபதியாக இருந்தபோது லண்டனில் குடும்பக் கேடயங்களைப் பதிவு செய்யும் அதிகாரி சர் ஐசக் ஹேர்ட் அவருக்கு எழுதி வம்சம் பற்றிக் கேட்டார். 1792 மே மாதம் ஜார்ஜ் பதில் போட்டார். நான் இதில் அதிகம் கவனம் செலுத்தியதே இல்லை, முன்னோர் வடக்கு மாவட்டம் ஏதோ ஒன்றிலிருந்து வந்தார்களாம் என்ற மாதிரி. தனக்கே தன் கொள்ளுத்தாத்தாவின் ஊர் தெரியாது!

வர்ஜீனியாவுக்கு வந்த அண்ணன் தம்பி ஜான், லாரன்ஸ். ஹேர்ட் பழைய ஏடுகளில் தேடினார். சல்கிரேவ் கிளையில் ஜான், லாரன்ஸ் என்று அண்ணன் தம்பி அகப்பட்டார்கள். இவர்கள்தான் என்று எழுதிவிட்டார். அடுத்து வந்தவர்களும் அப்படியே நகல் எடுத்தார்கள். 1866இல் ஜோசப் செஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆதாரத்தோடு உடைத்தார்: அந்த ஜான், 'சர்' பட்டம் வாங்கிய ஆள், இங்கிலாந்தை விட்டுப் போகவில்லை. அந்த லாரன்ஸ்தான் நாம் மேலே பார்த்த பாதிரியார். சரி, அப்படியானால் கப்பல் ஏறியவர்கள் யார்? 1889இல் ஹென்றி வாட்டர்ஸ் விடையைக் கண்டுபிடித்து வெளியிட்டார். டிரிங் என்ற ஊரில் இறந்த விதவை ஒருவரின் சொத்தை நிர்வகிக்க, மகன் ஜான் வாஷிங்டனுக்கு அதிகாரம் கொடுத்த ஒரு தாள். அந்த விதவை, பாதிரியாரின் மனைவி ஆம்ஃபிலிஸ். ஆக, கப்பல் ஏறிய ஜானும் லாரன்ஸும் பாதிரியாரின் பிள்ளைகள். ஹேர்ட் சரியான குடும்பத்தைத்தான் பிடித்தார், ஒரு தலைமுறையைத் தவற விட்டார். எல்லாத் தலைமுறையிலும் அதே இரண்டு பெயரை வைத்தால் அவர்தான் என்ன செய்வார்? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வீட்டில் பட்டா தேடியவர்களுக்கு இந்த வலி தெரியும்.

இன்னொன்று. சஸ்ஸெக்ஸிலும் வாஷிங்டன் என்று ஒரு கிராமம் உண்டு, டர்ஹமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனால் பெயர் ஒத்துப்போவதை வைத்து ஒரே குடும்பம் என்று முடிவு கட்டாதீர்கள்.

மார்க்கண்டேயன்:
சரி, பிரபு இல்லை, குத்தகைக்காரர், கம்பளி வியாபாரி, பாதிரியார். ஒத்துக்கொள்கிறேன். கொடி?

நெடுங்கணக்கு:
கேடயம் உண்மை. வெள்ளைப் பின்னணியில் இரண்டு சிவப்புப் பட்டை, மேலே மூன்று சிவப்பு நட்சத்திரம். இங்கிலாந்தில் செல்பி என்ற ஊரின் மடாலயக் கண்ணாடி ஜன்னலிலும் பார்க்கலாம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் கொடி அதைப் பார்த்து வரைந்ததுதான், 1938இல் ஏற்றுக்கொண்டார்கள். நீங்கள் அதைத்தான் நினைத்திருப்பீர்கள். நாட்டுக் கொடியைப் பற்றி 1777இல் போட்ட தீர்மானத்தில் 13 பட்டை, 13 நட்சத்திரம் என்று இருக்கிறது. வாஷிங்டன் கேடயம் பற்றி அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை.

மார்க்கண்டேயன்:
அடிமைகள் விஷயத்திலாவது நான் சொன்னது சரியா?

வேர்தேடி:
பாதி. 2000ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயரோடு 163,036 பேர். அவர்களில் 90 சதவீதம் கறுப்பினத்தவர். டர்ஹம் பண்ணைப் பெயருக்கு இன்றைய சொந்தக்காரர்கள் அவர்கள்தான். ஜார்ஜுக்குப் பிள்ளைகள் கிடையாது. சகோதரர்கள் வழியில்தான் வெள்ளைக் குடும்பம் தொடர்ந்தது.

ஜார்ஜ் 1799இல் இறந்தபோது மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். அவருக்கே உரிமையானவர்கள் அதில் 123 பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் மனைவியின் முதல் கணவர் வழிச் சொத்து. உயிலின்படி தன் ஆட்களுக்கு விடுதலை எழுதி வைத்தார், மார்த்தா 1801 ஜனவரியில் விடுவித்தார். இந்த 123 பேரிலிருந்து அத்தனை லட்சமும் வந்திருக்க முடியாது. அவர்களில் எல்லோரும் எஜமான் பெயரை எடுத்துக்கொண்டவர்களும் இல்லை. அமெரிக்க சுதந்திரப் போர் முழுக்க ஜார்ஜ் கூடவே குதிரையில் போன வில்லியம் லீயைப் பாருங்கள். 1768இல் லீ குடும்பத்து விதவையிடமிருந்து ஜார்ஜ் அவரை வாங்கினார். முப்பது ஆண்டுக்கு மேல் வாஷிங்டன் வீட்டில் இருந்தும் அவர் கடைசி வரை லீதான்.

வாஷிங்டன் உறவினர்களிடமும் அடிமைகள் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஜார்ஜின் அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவரான புஷ்ராட் வாஷிங்டன், நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதி, 1821இல் 54 பேரை லூசியானாவுக்கு விற்றார். அந்த வழியில் சில பேருக்குப் பெயர் போயிருக்கலாம்.

ஆனால் பெரிய பங்கு, விடுதலைக்குப் பின் தாங்களே தேர்ந்தெடுத்ததுதான் என்று நினைக்கிறேன். 1850, 1860 கணக்கெடுப்பில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். சொந்தக்காரர் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவுதான், பெயர் கிடையாது. 1870இல்தான் முதல் முறையாக எல்லோருக்கும் பெயர் எழுதினார்கள். கறுப்பினக் குடும்பங்கள் வேர் தேடினால் அந்த 1870இல் வந்து முட்டிக்கொள்ளும். பதிவுக்குப் போகும்போது ஏதோ ஒரு பெயர் சொல்ல வேண்டும். நாட்டிலேயே எல்லோருக்கும் தெரிந்த பெயர் எது?

தேன்மொழி_சண்டர்லாந்து:
கறுப்பினத் தலைவரும் கல்வியாளருமான புக்கர் டி. வாஷிங்டனும் அப்படித்தானே வைத்துக்கொண்டார்?

வேர்தேடி:
ஆமாம் அக்கா, அதைத்தான் சொல்ல வந்தேன். தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். விடுதலைக்குப் பிறகு முதல் முறை பள்ளிக்கூடம் போகிறார். வருகைப் பதிவு எடுக்கும்போது மற்றப் பிள்ளைகள் எல்லோருக்கும் இரண்டு பெயர், சிலருக்கு மூன்று. இவருக்கு 'புக்கர்' மட்டும்தான். தன் முறை வருவதற்குள் யோசித்துவிட்டார். ஆசிரியர் முழுப்பெயர் கேட்டதும், பிறந்ததிலிருந்து அப்படியே கூப்பிட்ட மாதிரி நிதானமாக "புக்கர் வாஷிங்டன்" என்றார். அம்மா டாலியஃபெரோ என்று ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தது பின்னால்தான் தெரிந்தது. அதுதான் நடுவில் வரும் 'டி'.

அவர் ஜார்ஜை நினைத்துத்தான் சொன்னார் என்று பலர் எழுதுவார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. அவருடைய மாற்றாந்தந்தையின் பெயர் வாஷிங்டன் ஃபெர்குசன். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பையனுக்கு முதலில் ஞாபகம் வருவது வீட்டில் இருப்பவர் பெயராகத்தான் இருக்கும்.

இதெல்லாம் நடந்த இடம் மேற்கு வர்ஜீனியாவில் மால்டன் என்ற ஊர்.

நெடுங்கணக்கு:
பார்த்தீர்களா, திரும்ப வந்துவிட்டது! குடிகாரப் பாதிரியார் அடக்கமான ஊரும் மால்டன். ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் உயிரெழுத்து வித்தியாசம். இதில் அர்த்தம் ஒன்றும் இல்லை, எனக்குப் பிடித்திருக்கிறது.

மதுரைக்காரன்:
எனக்கு ஒரு சந்தேகம். வாஷிங்டன் பெயரோடு ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போனவர்கள் யாராவது உண்டா?

நெடுங்கணக்கு:
ஒருவரை நன்றாகத் தெரியும். ஹாரி வாஷிங்டன். காம்பியா நதிப் பக்கத்தில் பிறந்தவர். 1763இல் ஜார்ஜ் அவரை வாங்கினார். முதலில் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டும் வேலை, பிறகு மவுண்ட் வெர்னனில் குதிரை லாயம். 1771இல் ஓடிப் பார்த்தார், சில வாரத்தில் பிடிபட்டார். பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், எங்கள் பக்கம் வந்தால் விடுதலை என்று அறிவித்தபின் 1776இல் மறுபடி ஓடினார். இந்த முறை பிடிபடவில்லை.

போர் முடிந்ததும் ஜார்ஜ், அடிமைகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று பிரிட்டிஷ் தளபதி கார்ல்டனைக் கேட்டார். கார்ல்டன் மறுத்துவிட்டு, ஆனால் கப்பல் ஏறுகிற ஒவ்வொருவர் பெயரையும் ஏட்டில் எழுதவைத்தார். அதனால்தான் நமக்கு இந்த விவரம் கிடைக்கிறது. ஹாரி 1783இல் நியூயார்க்கிலிருந்து இன்றைய கனடாவில் உள்ள நோவா ஸ்கோஷியா போனார். குளிர், பாறை நிலம், கறுப்பர்களுக்குக் கூலி குறைவு. 1792இல் கிட்டத்தட்ட 1,200 பேர் அங்கிருந்து சியரா லியோன் போனார்கள், இவரும் ஒருவர். ஃப்ரீடவுன் அவர்கள் அமைத்த ஊர். அங்கேயும் குடியேற்றத்தை நடத்திய பிரிட்டிஷ் கம்பெனிக்காரர்கள் நில வரி கேட்டார்கள். 1800இல் குடியேறிகள் எதிர்த்துக் கிளம்பினார்கள், ஹாரியும் அதில் இருந்தார். தோற்றதும் ஆற்றுக்கு அக்கரையில் புல்லம் கரைக்கு நாடு கடத்தினார்கள். வரி கொடுக்க மாட்டேன் என்று கிளம்பிய இரண்டாவது வாஷிங்டன் என்று சொல்லலாம். முதலாமவர் ஜெயித்தார்.

கீழவாசல்:
அனைவருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மகளுக்கு முழுக்கதையும் சொன்னேன். வேட்டை நாய், சாராயக் கடை, பீவர் தோல் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். ஹாரி கதை வந்ததும் அமைதியாகிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "அவங்க ஊர்ல அவரை என்னன்னு கூப்பிட்டாங்கப்பா?"

நெடுங்கணக்கு:
1783 ஏட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன், பாப்பாவிடம் காட்டுங்கள். "ஹாரி வாஷிங்டன், வயது 43, நல்ல திடகாத்திரமான ஆள். முன்பு ஜெனரல் வாஷிங்டனின் சொத்து. 7 ஆண்டுகளுக்கு முன் அவரை விட்டு வந்தார்."